கோலம் என்றொரு ஃபோல்டர்

என் பீரோவின் கீழ்த்தட்டில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு மஞ்சப்பைக்குள் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் ஒன்று பதினெட்டு வருடம் கிடந்தது. 2006இல் மகளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டைவிட்டு வந்தபோது இரண்டு பை துணி, அவளுடைய பள்ளிச் சான்றிதழ், என் தட்டச்சுச் சான்றிதழ்கள், அம்மா போட்ட வளையலில் மிஞ்சியிருந்த ஒன்று, இவற்றோடு அதையும் எடுத்து வந்தேன். கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, நான்கு திருகாணிகளை எடுத்து, பட்டையான சாம்பல் நிற வயரைப் பிடுங்கி, டிஸ்க்கை மட்டும் உருவினேன். ஆறு வருடம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் சம்பாதித்தேன். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். தகட்டைத் திரும்ப மாட்டித் திருகாணிகளையும் முடுக்கிவிட்டு வந்தது இன்னும் நினைவிருக்கிறது. எடுத்தது தெரியக் கூடாது என்பதற்காக இல்லை. பொருளை அரைகுறையாகப் போட்டுவிட்டுப் போனாள் என்ற பேச்சு வரக் கூடாதாம். அந்த நேரத்திலும் அப்படி ஒரு கவலை.

டிஸ்க்கை எடுத்து வந்ததற்குக் காரணம், நான் எழுதியவை அதில் இருந்து, பிறகு அழிந்துபோயிருந்தன. என் கணவர் அழித்தார். ஒரு தீபாவளி சமயத்தில் வைரஸ் என்று சொல்லிக் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தார், என்னுடையதெல்லாம் போயிற்று. அழித்தாலும் டிஸ்க்கில் எங்கோ ஓர் ஓரத்தில் இருக்கும் என்று கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வரும் பையன் ஒருமுறை சொன்னதை நம்பி அதைப் பத்திரப்படுத்தினேன்.

இதைத்தான் இத்தனை வருடமாகச் சொல்லி வந்தேன். தோழிகளிடம் சொன்னேன். மதுரையில் ஒரு பெண்கள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு கல்லூரி மாணவி அழுதாள். மகளிடம் அவளுக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும்போதே சொல்லிவிட்டேன். இந்தத் தொகுப்புக்கும் அதையே எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். "எழுதுறதுக்கு முன்னாடி அந்த டிஸ்க்கைத் திறந்து பாத்துரலாமேம்மா" என்றாள் மகள். அவள் கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்க்கிறாள். சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, எனக்கு ஒரு பரிசு தர நினைத்தாள்.

எழுத்து எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களை எங்கள் ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ப்பார்கள். மாப்பிள்ளை அமையும்வரை பொழுது போக வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்களிடம் "தமிழ் லோயர், ஹையர் ரெண்டும் பாஸ்" என்று சொல்லவும் ஆகும். இடக்கை விரல்கள் நான்குக்கும் ய, ள, ன, க. வலக்கை ஆள்காட்டி விரலுக்குத் த, நடுவிரலுக்கு ம, மோதிர விரலுக்கு ட, சுண்டுவிரலுக்குப் புள்ளி. விரல்களில் இது ஒருமுறை ஏறிவிட்டால் இறங்குவதில்லை. கல்யாணமாகி மதுரைக்கு வந்தபின் சிம்மக்கல் பக்கம் ஒரு டிடிபி சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டரில் 'பாமினி' என்றொரு எழுத்துரு இருந்தது. தட்டச்சில் எந்த விசைக்கு எந்த எழுத்தோ அதே இடத்தில்தான் அதிலும் வரும். புதிதாக ஒன்றும் கற்க வேண்டியிருக்கவில்லை.

2000இல் வீட்டுக்கே கம்ப்யூட்டர் வந்தது. 20 ஜிபி டிஸ்க், விண்டோஸ் 98, தவணையில் வாங்கியது. தவணையைக் கட்டியது என் வேலைக் காசு. பெயர் "சார் கம்ப்யூட்டர்". காமராசர் பல்கலைக்கழகத்து எம்ஃபில் மாணவர்களின் ஆய்வேடுகள், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், பதினாறாம் நாள் காரியத்துக்கான கார்டு என்று எல்லாம் அடித்தேன். கணவர் மருந்துக் கம்பெனி பிரதிநிதி. புதனும் வியாழனும் தேனி, போடி, கம்பம் என்று டூர் போய் லாட்ஜில் தங்கிவிடுவார். அந்த இரண்டு இரவுகளில் மாமியார் தூங்கியபின் எனக்காக எழுதினேன். அந்த ஃபைல்களை டி டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு, அதற்குக் 'கோலம்' என்று பெயர் வைத்தேன். கோரல்டிராவில் கோல டிசைன்களும் செய்துகொண்டிருந்ததால் யாரும் திறக்க மாட்டார்கள். ஃபைல்களுக்குப் பெயர் கோலம்1, கோலம்2.

அவற்றில் ஒன்று வெளியே வந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் அச்சான தாள்களைச் சேர்த்துவைத்து மறுபக்கத்தில் பிரிண்ட் எடுத்துப் பார்ப்பது டிடிபி வழக்கம். நான் எழுதிய ஒரு பக்கம் எப்படியோ அந்தக் கட்டில் கலந்துபோனது. டாக்டர்களின் பட்டியல் எழுதத் தாள் எடுத்த கணவர் அதன் பின்பக்கத்தைப் பார்த்தார். வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தனியாக இருப்பதாக நான் எழுதியிருந்தது அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவருடைய நண்பரும் மாமியாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அதைச் சத்தமாக வாசித்தார். "எம் பொண்டாட்டி வீடு பாக்குறாடா. அட்வான்ஸ் மூவாயிரமாம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி ரசம் ஊற்றினேன்.

அப்புறம் ஃபார்மட். அப்புறம் கோலம் காலி. இதுதான் நான் சொல்லி வந்த வரிசை.

மகளின் லேப்டாப்பில் பழைய டிஸ்க்கைச் செருக இடமே கிடையாது. என் டிஸ்க்கின் பின்புறம் நாற்பது ஊசிகள் இரண்டு வரிசையாக நிற்கும். ஐடிஇ என்று பெயர். இன்றைய கம்ப்யூட்டர்களில் அந்த வழக்கமே ஒழிந்துவிட்டது. இதற்கென்று யுஎஸ்பி அடாப்டர் விற்கிறார்கள். அதோடு தனியாக ஒரு பவர் சப்ளையும் வர வேண்டும் என்பதைக் கவனித்து வாங்குங்கள். மேசைக் கம்ப்யூட்டரின் பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பி வயர் தருவது அதற்குக் காணாது. சிலர் டிஸ்க்கை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்பார்கள். வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்தால் இருப்பதும் போய்விடும். புருவம் திருத்தும் இடுக்கியால் ஜம்பர் என்ற கடுகளவு பிளாஸ்டிக்கை ஒரு ஊசியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிட்டு மகள் சுவிட்சைப் போட்டாள். மாவரைக்கும் மெஷின் தூரத்தில் ஓடுவதுபோல ஒரு சத்தம் எழும்பியது. அந்த வீட்டின் சத்தம் அது. என்னால் கொஞ்ச நேரம் அங்கே உட்கார முடியவில்லை.

மகள் எதையும் உடனே திறக்கவில்லை. பழைய டிஸ்க் எப்போது மூச்சை விடும் என்று தெரியாது, அதனால் முதலில் முழுசாக ஒரு நகல் எடுத்துவிட வேண்டும், அப்புறம் மூலத்தைத் தொடக் கூடாது, நகலில்தான் தேட வேண்டும் என்றாள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு இலவச மென்பொருள். சுலபமாகப் படிக்க முடிகிற இடங்களையெல்லாம் முதலில் படித்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு கடைசியில் அவற்றிடம் திரும்பி வரும். ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் ஏதோ சில கிலோபைட்டுகள் தவிர எல்லாம் வந்திருந்தன. என் ஆறு வருடம் அவளுடைய லேப்டாப்பில் ஒரு மூலைக்குக்கூடக் காணவில்லை.

அடுத்து அழிந்தவற்றைத் தேடுவது. ஒரு ஃபைலை அழிக்கும்போது கம்ப்யூட்டர் அதை உண்மையில் துடைப்பதில்லை என்று மகள் விளக்கினாள். பெயரின் முதல் எழுத்தை மட்டும் ஒரு குறியால் மாற்றிவிட்டு, 'இந்த இடம் காலி' என்று கணக்கில் எழுதிக்கொள்ளும். வேறொன்று வந்து அந்த இடத்தில் உட்காரும்வரை பழையது அங்கேயேதான் இருக்கும். அந்தக் காலத்து ஃபார்மட்டும் இப்படித்தான்; கணக்குப் புத்தகம்தான் புதிதாகும். ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் கணக்கைப் பார்க்காமல் நேரே டிஸ்க்கின் காலி இடங்களில் தேடும். ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் தொடக்கத்தில் ஓர் அடையாளம் உண்டு. பழைய வேர்ட் ஃபைல் என்றால் 'டி0 சிஎஃப் 11 ஈ0' என்று தொடங்கும்; ஆங்கிலத்தில் எழுதி உற்றுப் பார்த்தால் 'டாக்ஃபைல்' என்று வாசிக்கலாம். செய்தவர்களுக்குக் குறும்பு. அப்படி மீட்டெடுத்தவற்றுக்குப் பழைய பெயர் இருக்காது, வெறும் எண்தான்.

இரண்டாயிரத்துக்கு மேல் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தோம். எல்லாம் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடப்பதுபோலத் தெரிந்தன. பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தது கம்ப்யூட்டருக்குத் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்ட மாதிரி. எழுத்துருவை எடுத்துவிட்டால் முகமூடி கழன்றுவிடும். யூனிகோடு பரவலாவதற்கு முன் கடைக்குக் கடை வேறு எழுத்துரு, வேறு குறியீடு. ஃபிளாப்பியைக் கையில் வாங்கியதும் "ஃபான்ட் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்போம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பொதுவான விசைப்பலகையும் குறியீடும் வகுத்தார்கள். எங்கள் சென்டருக்கு அந்தச் செய்தியே வரவில்லை.

மகளுக்கு அது வெறும் குப்பை. "இதுக்கெல்லாம் ஆன்லைன்ல கன்வெர்ட்டர் இருக்கும்மா, ஒரு நிமிஷம்" என்றாள். அதற்குள் நான் படிக்கத் தொடங்கிவிட்டேன். விரல்களை மேசைமேல் வைத்துக்கொண்டேன். திரையில் ஆங்கில 'இ' வந்தால் இடக்கை நடுவிரல் மேல்வரிசைக்கு எழும்புகிறது, அது ந. 'எச்' என்றால் வலக்கை ஆள்காட்டி விரல் இடப்பக்கம் நீள்கிறது, கால். 'டி' என்றால் நடுவிரல் தன் வீட்டிலேயே இருக்கிறது, ன. அரைப்புள்ளிக்குச் சுண்டுவிரல் அசைகிறது, புள்ளி. நான். இப்படியே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்தால் அம்மா. இருபது வருடத்துக்கு முன் நான் எந்த விரலால் எந்த விசையைத் தட்டினேனோ அதுதான் அந்த ஃபைலில் பதிந்திருந்தது. எழுத்துரு எனக்குத் தேவைப்படவில்லை. மகள் என் கையையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

ஆனால் வந்ததெல்லாம் பிறத்தியார் எழுத்து. சங்க இலக்கியத்தில் மகளிர் அணிகலன்கள் பற்றிய ஆய்வேட்டின் மூன்றாம் இயல். மணமகளின் பட்டப்படிப்பை மணமகனுடையதைவிடச் சின்ன எழுத்தில் போடச் சொல்லித் திருத்திய பத்திரிகை. பூப்புனித நீராட்டு அழைப்பிதழ்கள் எத்தனை! அந்தச் சிறுமிகள் ஒவ்வொருவரின் பெயரையும் பூமாலை பார்டருக்குள் வைத்துக் கொட்டை எழுத்தில் அடித்தவள் நான். ஓர் ஆய்வேட்டை நன்றியுரையோடு நிறுத்திவிட்டுப் போன பெண் நினைவுக்கு வந்தாள். நிச்சயமாகிவிட்டது, பாக்கி அடிக்க வேண்டாம்க்கா என்று சொல்லிப் பாதிக் காசு கொடுத்துவிட்டுப் போனாள். நன்றியுரை மட்டும் முழுசாக இருந்தது. இரண்டு நாள் தேடினோம். கோலம் வரவில்லை.

மூன்றாம் நாள் மகள் நகலில் டி டிரைவை நேராகத் திறந்து பார்த்தாள். "அம்மா, கோலம் ஃபோல்டர் இங்க இருக்கே. காலியா."

"ஆமா. அதான் சொன்னேனே. காலி பண்ணிட்டார்."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஃபார்மட் போட்டிருந்தா ஃபோல்டரே இருக்காதேம்மா. ஃபோல்டர் மட்டும் எப்படி மிஞ்சும்?"

அப்பா ஃபார்மட் செய்தது சி டிரைவை. விண்டோஸ் இருக்கும் பகுதி அது. அவர் சொன்னதுபோல வைரஸ் வந்துதான் இருக்க வேண்டும். டி டிரைவைத் தொடவே இல்லை. என் வாடிக்கையாளர்களின் ஃபைல்களெல்லாம் 2000ஆம் வருடத் தேதியோடு அதில் அப்படியே இருந்தன.

டி டிரைவில் 'ரீசைக்கிள்டு' என்று இன்னொரு ஃபோல்டர் இருந்தது. குப்பைத் தொட்டி. நாங்கள் இரண்டு நாளாகத் தேடியது காலி இடங்களில். இது காலி இடம் இல்லை, கணக்கில் உள்ள இடம். விண்டோஸ் 98இல் ஒரு ஃபைலைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பினால் அதன் பெயரை மாற்றி இந்த ஃபோல்டரில் வைக்கும். டி டிரைவிலிருந்து வந்தது என்றால் டிடி1, டிடி2 என்று வரிசையாக. பழைய பெயர் என்ன, எங்கே இருந்தது, எந்தத் தேதி எந்த நேரத்தில் தூக்கிப் போட்டார்கள் என்பதெல்லாம் இன்ஃபோ2 என்ற சின்ன ஃபைலில் பதிவாகும். அதைப் படித்துச் சொல்லவும் ஒரு மென்பொருள் இருக்கிறது. ரிஃபியூட்டி என்று பெயர்; இத்தாலிய மொழியில் குப்பை என்று அர்த்தமாம்.

மகள் அதை ஓடவிட்டாள். முப்பத்தோரு வரி வந்தது. கோலம்1 முதல் கோலம்31 வரை. எல்லாவற்றுக்கும் ஒரே நேரம்: 8 ஆகஸ்ட் 2002, இரவு 1 மணி 12 நிமிடம்.

அது வியாழக்கிழமை. புதன் இரவு என்று சொல்வோமே, அது. அவர் டூரில் இருக்கும் இரவு. வீட்டில் இருந்தது கம்ப்யூட்டரைத் தொடப் பயப்படும் மாமியார், ஐந்து வயது மகள், நான்.

அந்தக் கம்ப்யூட்டரில் கடிகாரம் சரியில்லை என்று உடனே சொன்னேன். அடிக்கடி பேட்டரி போய்விடும், தேதி மாறிவிடும் என்றேன். மகள் மறுத்துப் பேசவில்லை. அதே வாரம் நான் அடித்த ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்தாள். முகூர்த்தத் தேதியையும் ஃபைல் தேதியையும் காட்டினாள். கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருந்தது. நான் எழுந்து போய் அரிசி களைந்தேன்.

அரிசி களையும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. டிடிபி வேலையில் முதலாளி எனக்கு முதலில் சொல்லித் தந்தவற்றில் ஒன்று, வாடிக்கையாளர் வேலை முடிந்ததும் ஃபைலை ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு அழிக்க வேண்டும் என்பது. அப்படி அழித்தால் குப்பைத் தொட்டிக்குப் போகாது, டிஸ்க்கில் இடம் மிச்சமாகும். எத்தனையோ ஆயிரம் ஃபைல்களை அப்படி அழித்திருக்கிறேன். கை தானாகச் செய்யும். அந்த இரவு ஷிஃப்ட்டை அழுத்தவில்லை. பிறகு குப்பைத் தொட்டியைக் காலி செய்யவும் இல்லை. 2006இல் திருகாணியைக் கழற்றும்வரை அந்தத் தொட்டிப் படம் திரையின் ஓரத்தில் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. திறந்து, மீட்டெடு என்று ஒருமுறை சொல்லியிருந்தால் போதும்.

தோழிகளிடம் இதைச் சொன்னபோது, "அவர் வாசிச்சுச் சிரிச்சதாலதானே அழிச்ச, அப்ப அவர் அழிச்ச மாதிரிதான்" என்றார்கள். எனக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசைதான். பாதி உண்மையும்கூட. இந்தக் கட்டுரையை அந்த வழியில் எழுதி முடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கணவன் மனைவியின் எழுத்தை அழித்தான் என்றால் கேட்கிறவர்களுக்கு உடனே புரிகிறது. நம் கூட்டங்களில் அதற்கு ஓர் இடம் தயாராக இருக்கிறது. நானும் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன், பொய் சொல்கிறோம் என்று தெரியாமலே. அந்த வீட்டைவிட்டு வந்ததற்கு வேறு காரணங்கள் உண்டு. என் வேலைக் காசு ஒரு நாளும் என் கைக்கு வந்ததில்லை, கை ஓங்குவது 2004க்குப் பிறகு வழக்கமாயிற்று. அவை அப்படியேதான் இருக்கின்றன. இந்த முப்பத்தோரு ஃபைல்களை மட்டும் அந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது.

அன்று இரவு மகள் தூங்கியபின் கோலம்17ஐத் திறந்து விரலால் படித்தேன். அவர் வாசித்தது அதைத்தான். ஒரு பக்கம், இருபது இருபத்தைந்து வரி. மாடியில் ஒரு அறை, வாடகை 600, அட்வான்ஸ் 3000. ஜன்னலுக்குக் கீழே மேசை. பூட்டுக்கு ஒரே சாவி. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய், ஒரு தலையணை. சாயங்காலம் யாருக்கும் டீ போட வேண்டாம். நடை சுமார்தான், இத்தனை வருடம் நான் இழந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த எழுத்து இவ்வளவு சுமாராக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலுக்கு வந்ததும் மேசைமேல் என் விரல்கள் நின்றுவிட்டன.

ஒரு பாய்.

அந்த ஆகஸ்ட் இரவு மகளுக்குக் காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு, அவள் கண்ணயர்ந்த பிறகு கம்ப்யூட்டரைப் போட்டேன். நான்கு நாளாக அவர்கள் சிரித்தது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது; அப்படி என்ன எழுதிவிட்டோம் என்று பார்க்கத் திறந்தேன். படித்துக்கொண்டே வந்தவள் பொருட்களை எண்ணினேன். எல்லாம் ஒன்று, ஒன்று. பக்கத்தில் கிடக்கும் பிள்ளைக்கு அந்த அறையில் இடமே இல்லை. மறந்துபோய் எழுதியதில்லை அது. எழுதும்போது அவள் இல்லாமல்தான் நினைத்திருக்கிறேன். கன்ட்ரோல், ஏ. எல்லாம் கறுப்பாயிற்று. டெலிட்.

ஒரு தாய் இப்படி நினைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை, நினைத்தேன். அப்படி நினைத்ததை என்னிடமிருந்தே மறைத்துவைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவர் இருந்தார்.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் மகள் முப்பத்தோரு ஃபைல்களையும் யூனிகோடுக்கு மாற்றிவைத்திருந்தாள். கோலம்17 திரையில் தமிழில் திறந்திருந்தது. எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கடைசி வரிவரைக்கும் போய், திரும்ப மேலே வந்தாள். "ஒரு பாய்தானா?" என்றாள். நான் ஆமாம் என்றேன். அந்த இரவைப் பற்றிச் சொன்னேன். காய்ச்சலைச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் கழித்து, "அப்ப மதுரையில அறுநூறு ரூபாய்க்கு ரூம் கிடைச்சிருக்குமா?" என்று கேட்டாள். கிடைத்திருக்கும், தண்ணீர்க் கஷ்டம் இருந்திருக்கும் என்றேன்.

"அப்பாகிட்ட சொல்லணும்மா" என்றாள்.

"நானே சொல்றேன்."

போன் போட்டேன். அவர் இப்போது ஓய்வு பெற்றுத் தனியாக இருக்கிறார். பிரிந்து பதினெட்டு வருடமாகியும் எனக்கு 'நீங்க'தான் வருகிறது, அவருக்கு 'நீ'தான்.

"கோலம்னு ஒரு ஃபோல்டர் வச்சிருந்தேன். ஞாபகம் இருக்கா?"

"கோலமா? கம்ப்யூட்டர்ல டிசைன் போட்டுக்கிட்டு இருந்தியே, அதுவா?"

"வாடகை ரூம்னு எழுதியிருந்தேன். நீங்க சாப்பிடும்போது சத்தமா வாசிச்சீங்க."

"நானா?" யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்று குரலில் தெரிந்தது. "ஞாபகம் இல்லையே."

எனக்கு இருபத்திரண்டு வருடமாகக் காதில் கேட்கும் சிரிப்பு அவரிடம் இல்லவே இல்லை. அந்தக் கோபம் வேறு. அதை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொல்ல வந்ததைச் சொன்னேன். "நான் எழுதினதையெல்லாம் நீங்க அழிச்சிட்டீங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அழிச்சது நான்தான். இப்பதான் தெரிஞ்சது."

"யார்கிட்ட சொன்ன?"

"எல்லார்கிட்டயும்."

"பாப்பாகிட்டயுமா?"

"பாப்பாகிட்டயும்."

மறுமுனையில் ஒரு ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. அவள் 2014இல் கல்லூரியில் சேர்ந்தபோது அவர் புது லேப்டாப் வாங்கிக்கொண்டு ஹாஸ்டல் வாசல்வரை போயிருந்தார். அவள் வேண்டாம் என்று சொல்லி, வாங்காமலேயே உள்ளே போய்விட்டாள். ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள், அன்று எனக்கு அது பெருமையாக இருந்தது.

"அந்த லேப்டாப்பு..." என்றார்.

"ஆமா."

"ரெண்டு வருஷம் பிரிக்காமலே வச்சிருந்தேன். அப்புறம் எங்கண்ணன் பையனுக்குக் குடுத்துட்டேன்" என்றார்.